கார்னிவலைப் பார்க்கும் கேமரா எங்கே நிற்கிறது? – பிரேசில் படங்கள் பற்றி (விவாத இழை)

வெண்திரை:

பிரேசில் கார்னிவல் அளவுக்குக் கேமராவுக்கு வசதியான திருவிழா வேறு இல்லை என்றுதான் தோன்றும். நிறம், இறகு, தாளம், கூட்டம் எல்லாம் தயாராக இருக்கிறது, போய் நின்று எடுத்தால் போதும். ஆனால் எடுத்த படங்களை வரிசையாகப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே படம்தான். 1979இல் வந்த ‘மூன்ரேக்கர்’ நினைவிருக்கிறதா? ஜேம்ஸ் பாண்ட் ரியோவுக்குப் போவார், தெருவெல்லாம் ஆட்டம். அந்தக் கூட்டத்திலிருந்து பெரிய கோமாளி வேஷத்தில் கொலையாள் பிரிந்து சந்துக்குள் வருவான். ஆடுகிறவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. வில்லன் ஒளிந்து வருவதற்கு ஒரு கூட்டம் தேவைப்பட்டது, கார்னிவல் அதற்குப் பயன்பட்டது, அவ்வளவுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்னிவலை நன்றாக எடுத்த படங்கள் எல்லாம் திருவிழா நடக்கிற அந்த நான்கு நாளை விட்டுவிட்டு மிச்ச நாட்களைக் காட்டியவை. உடை தைப்பவர், பாட்டு எழுதுபவர், ஒத்திகைக்கு ரயிலேறி வருபவர், அவர்கள் பக்கத்தில் கேமரா நின்றால் படம் உருப்படும். பார்வையாளர் மாடத்தில் நின்றால் தபால் அட்டைதான் கிடைக்கும்.

மறுப்பவர்கள் வரலாம்.

ரீல்பெட்டி:

மறுக்கிறேன். இந்த இழை ‘பிளாக் ஆர்ஃபியஸ்’ பக்கம்தான் போகப் போகிறது என்று தெரிகிறது, அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

1959. இயக்கியவர் மார்செல் கமூ, பிரெஞ்சுக்காரர். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப் பனை, அடுத்த ஆண்டு சிறந்த அந்நிய மொழிப் படத்துக்கான ஆஸ்கர். இறந்த காதலியை மீட்கப் பாதாளம் போன பாடகன் ஆர்ஃபியஸின் கிரேக்கக் கதையை ரியோவின் குன்றுக் குடியிருப்பில் வைத்து, கார்னிவல் நேரத்தில் நடப்பதாகச் சொன்ன படம். ஆர்ஃபியஸாக நடித்த ப்ரேனோ மெலோ ஒரு கால்பந்து வீரர். மரணமாக வேஷம் கட்டி நாயகியைத் துரத்துகிறவர் அடெமார் ஃபெரேய்ரா டா சில்வா. 1952, 1956 இரண்டு ஒலிம்பிக்கிலும் மும்முறைத் தாண்டலில் தங்கம் வாங்கியவர். அந்த உடம்பு எலும்புக்கூடு உடையில் மாடிப்படியில் தாவி வரும்போது பாருங்கள், எந்த நடிகராலும் அது முடியாது.

லூயிஸ் போன்ஃபா, டாம் ஜோபிம் பாட்டுகள். போசா நோவா என்ற இசையை உலகம் முழுக்கக் கொண்டு போனதில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் கார்னிவல் அழகாக இருக்கிறது. இருந்தால் என்ன? அழகாக எடுத்ததைக் குற்றமாகச் சொல்கிற வழக்கம் எனக்குப் பிடிபடவில்லை.

மழைக்கால்:

ரீல்பெட்டி அண்ணே, அழகு குற்றமில்லை. அந்த அழகில் யார் எப்படித் தெரிகிறார்கள் என்பதுதான் கேள்வி. குன்றில் இருக்கிற எல்லோரும் காலையிலிருந்து இரவு வரை ஆடுகிறார்கள். தண்ணீர்க் குடம் சுமக்கும்போதும் ஆட்டம், கடைக்குப் போகும்போதும் ஆட்டம். பசி இல்லை, வாடகை இல்லை, போலீஸ் தொல்லை இல்லை. ஆர்ஃபியஸ் டிராம் ஓட்டுகிறார், அடகு வைத்த கித்தாரை மீட்கிறார், அவ்வளவுதான் அவருடைய பொருளாதாரம்.

ஒபாமா தன் இளமைக்கால நினைவு நூலில் இந்தப் படத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு உயிரான படம். நியூயார்க்கில் மறுபடி திரையிட்டபோது மகனையும் மகளையும் கூட்டிப் போகிறார். மகனுக்குப் பாதியிலேயே எழுந்து போய்விடத் தோன்றுகிறது. அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியின் கனவுக்குள் கறுப்பு மனிதர்கள் எப்படித் தெரிந்தார்கள் என்று அன்றைக்கு அவருக்குப் புரிகிறது. இதைவிடச் சுருக்கமாக அந்தப் படத்தை யாரும் விமர்சித்ததில்லை என்பேன்.

சேன்நதி (பாரிஸ்):

இங்கே ஒரு விவரம் சேர்க்க வேண்டும். அந்த ஆஸ்கர் பிரேசிலுக்கு வந்ததில்லை. படம் முழுக்கப் போர்த்துகீசிய மொழி, ரியோவில் எடுத்தது, நடித்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் பிரேசில்காரர்கள். (நாயகி மார்பெஸா டான் மட்டும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பிறந்தவர்.) ஆனால் போட்டிக்கு அனுப்பியது பிரான்ஸ், அதனால் கணக்கில் அது பிரான்ஸின் பரிசு. பிரேசில் தன் பெயரில் அதே பரிசை முதல்முறை வாங்கியது 2025 மார்ச் 2ஆம் தேதி, ‘ஐ’ம் ஸ்டில் ஹியர்’ படத்துக்கு. அன்றைக்குக் கார்னிவல் ஞாயிறு! தெருவில் ஆடிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு நடுவே பரிசுச் செய்தி வந்து சேர்ந்தது. கார்னிவலை வைத்து எடுத்த படத்தின் பரிசு வேறு நாட்டுக்குப் போனது, கார்னிவலே இல்லாத படத்தின் பரிசு கார்னிவல் அன்று வீட்டுக்கு வந்தது.

இன்னொன்று. கமூவின் படத்துக்கு மூலம் ஒரு நாடகம். கவிஞர் வினீசியுஸ் டி மொராயிஸ் எழுதியது. 1956 செப்டம்பரில் ரியோவின் முனிசிபல் தியேட்டரில் அரங்கேறியது. மேடை அமைப்பு கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நீமேயர், இசை ஜோபிம். அதுவரை ஓபராவும் பாலேவும் நடந்த மேடையில் கறுப்பின நடிகர்கள் நிறைந்து நின்றார்கள். படமாக வந்ததை வினீசியுஸுக்குப் பிடிக்கவில்லை.

ரீல்பெட்டி:

அதே வினீசியுஸ் படத்துக்கு எழுதிய பாட்டை மறந்துவிட்டீர்களே. ஜோபிம் மெட்டு. ஏழையின் சந்தோஷம் கார்னிவல் தருகிற ஒரு பெரிய மயக்கம், ஒரு கணக் கனவுக்காக, ராஜாவாகவோ கடற்கொள்ளைக்காரனாகவோ வேஷம் போடுவதற்காக வருஷம் பூராவும் உழைக்கிறார்கள், புதன்கிழமை எல்லாம் முடிந்துவிடுகிறது என்பது அதன் சாரம். வெண்திரை முதல் பதிவில் கேட்ட ‘மிச்ச நாட்கள்’ அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. படம் பார்க்கிறவர்கள் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் அது பாட்டின் தவறா?

வெண்திரை:

பாட்டு சொல்கிறது, படம் காட்டவில்லை. நான் சொல்வதும் அதைத்தான்.

பழைய ஞாயிறு:

எல்லோரும் வெளிநாட்டுக்காரர் எடுத்ததையே பேசுகிறீர்கள். கார்னிவலைப் பிரேசில்காரர்கள் தங்களுக்காகவே எடுத்துத் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. அந்தப் படங்களுக்கு ஷன்ஷாதா என்று பெயர். விமர்சகர்கள் திட்டுவதற்காக வைத்த பெயர், ஜனங்கள் கண்டுகொள்ளாமல் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள்.

ஏற்பாடு எளிமையானது. கார்னிவலுக்குச் சில வாரங்கள் முன்னால் படம் வெளியாக வேண்டும். அந்த ஆண்டுக்கான கார்னிவல் பாட்டுகளை ரேடியோ நட்சத்திரங்கள் படத்தில் பாடுவார்கள். தியேட்டரில் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போய் ஜனங்கள் தெருவில் பாடுவார்கள். நம் ஊர்த் தீபாவளி ரிலீஸ் போல, ஆனால் இங்கே படமே பண்டிகைக்கு ஒத்திகை. 1936இல் சினேடியா ஸ்டூடியோ எடுத்த ‘அலோ, அலோ, கார்னிவல்’ இந்த வகைக்கு நல்ல தொடக்கம். கார்மென் மிராண்டாவும் தங்கை அவுரோராவும் ஆண்கள் போடுகிற வால் கோட்டும் உயரத் தொப்பியும் மினுமினுக்க வந்து, நாங்கள் ரேடியோ பாடகிகள் என்று பாடுவார்கள். ஹாலிவுட் போய்த் தலையில் வாழைப்பழத் தொப்பி ஏறுவதற்கு முந்தைய கார்மென். அவரை ஹாலிவுட் மூலமாக மட்டும் தெரிந்தவர்கள் அந்த ஒரு காட்சியைப் பார்த்தால் போதும், எவ்வளவு லேசாக, எவ்வளவு குறும்பாகப் பாடுவார் என்று தெரியும்.

பிறகு அட்லாண்டிடா கம்பெனி, 1941இல் தொடங்கியது. 1947இல் லூயிஸ் செவெரியானோ ரிபேய்ரோ அதைக் கைக்குள் கொண்டுவந்தார். நாடு முழுக்கத் தியேட்டர் வைத்திருந்தவர். ஆண்டுக்கு இத்தனை உள்நாட்டுப் படம் காட்டியாக வேண்டும் என்று சட்டம் இருந்ததால், தன் தியேட்டருக்குத் தானே படம் எடுத்துக்கொண்டார். செலவு குறைவு, லாபம் உறுதி. ஆஸ்கரிட்டோ, கிராண்டே ஒத்தேலோ என்ற ஜோடி அதில் கொடிகட்டிப் பறந்தது. ஆஸ்கரிட்டோ வெள்ளையர், சர்க்கஸ் குடும்பத்துப் பிள்ளை. ஒத்தேலோ கறுப்பர், உயரம் குறைவு, கண்ணாலேயே கூட்டத்தைச் சிரிக்க வைப்பவர். ‘கார்னவால் நோ ஃபோகோ’ (1949) படத்தில் ஒத்தேலோ ஜூலியட், ஆஸ்கரிட்டோ ரோமியோ. மாடக் காட்சி. விழுந்து விழுந்து சிரிப்பீர்கள்.

1950களின் தொடக்கத்தில் வந்த ‘கார்னவால் அட்லாண்டிடா’ என்ற படத்தை நான் சினிமா பள்ளிகளில் பாடமாக வைப்பேன். ஒரு தயாரிப்பாளர். ஹாலிவுட்டின் பிரம்மாண்டப் பட இயக்குநர் செசில் பி. டிமில்லைக் கிண்டல் செய்து வைத்த பெயர் அவருக்கு. ட்ராய் ஹெலன் கதையைப் பிரம்மாண்டமாக எடுக்கப் போகிறேன் என்று நிற்கிறார். கிரேக்கப் பேராசிரியராக ஆஸ்கரிட்டோவைக் கதை எழுத அழைக்கிறார். ஸ்டூடியோவில் எடுபிடி வேலை செய்கிற கிராண்டே ஒத்தேலோவுக்கு இது சரிவராது என்று தோன்றுகிறது. அந்தக் கிரேக்க செட்டை அவர் பார்க்கும்போது அவர் கற்பனையில் என்ன தெரிகிறது தெரியுமா? பாடகர் பிளெக்காவுட்டே அங்கே நின்று கார்னிவல் பாட்டுப் பாடுகிறார், ஒத்தேலோ கிரேக்க உடை தடுக்கத் தடுக்க ஆடுகிறார். கடைசியில் காவியம் கைவிடப்படுகிறது, கார்னிவல் படம் எடுக்கப்படுகிறது. ஹாலிவுட் காசு எங்களிடம் இல்லை, எங்களிடம் இருப்பது இதுதான், இதை எடுப்போம் என்று சிரித்துக்கொண்டே சொன்ன படம்.

மழைக்கால்:

பழைய ஞாயிறு ஐயா, அருமை. ஆனால் அந்தப் படங்களில் காதல் ஜோடி எப்போதும் வெள்ளையர்தானே? ஒத்தேலோவுக்குக் கடைசி வரை நண்பன் வேஷம்தான்.

பழைய ஞாயிறு:

உண்மை. போஸ்டரிலும் பெரும்பாலும் ஆஸ்கரிட்டோ பெயர்தான் முதலில். ஒத்தேலோவுக்கு அது வலித்தது. ஆனால் அந்த மனிதருக்கு வேறு இரண்டு படங்கள் கிடைத்தன. ஒன்று முடியவே இல்லை. இன்னொன்று முடிந்தது, அவ்வளவாக யாரும் பார்க்கவில்லை. முடியாததை இங்கே வெல்ஸ் பைத்தியம் யாராவது எழுதுங்கள், எனக்குக் கை வலிக்கிறது.

கடைசி ரீல்:

நான்தான் அந்தப் பைத்தியம்.

1942 பிப்ரவரி. ‘சிட்டிசன் கேன்’ எடுத்து முடித்த 26 வயது ஆர்சன் வெல்ஸ் ரியோவில் வந்து இறங்குகிறார். போர்க்காலம். தென் அமெரிக்க நாடுகளை நேச நாட்டுப் பக்கம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அமெரிக்க அரசில் நெல்சன் ராக்ஃபெல்லர் நடத்திய அலுவலகம் பண்பாட்டுத் தூது அனுப்புகிறது. டிஸ்னியிடமிருந்து ஜோ கரியோக்கா என்ற கிளி வந்ததும் இதே திட்டத்தில்தான். வெல்ஸை அனுப்பியது ஆர்.கே.ஓ. சினிமா கம்பெனி. கார்னிவலை டெக்னிகலரில் எடுத்துக் கொடுங்கள் என்பது உத்தரவு. மற்றவராக இருந்தால் வண்ண வண்ணமாக எடுத்துக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பியிருப்பார்.

வெல்ஸ் கேட்டது வேறு கேள்வி: கார்னிவலில் பாடி ஆடுகிற இந்த சம்பா இசை எங்கிருந்து வருகிறது? விசாரித்துக்கொண்டே போய்க் குன்றுகளுக்கு, ஃபவேலா என்ற குடிசைப் பகுதிகளுக்குப் போய்விட்டார். அப்போது ரியோவில் பிராசா ஒன்ஸே என்ற சதுக்கத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள், அதிபர் வர்காஸ் பெயரில் அகலச் சாலை போடுவதற்காக. சம்பா பள்ளிகளின், அதாவது கார்னிவலில் அணிவகுத்துப் போட்டியிடும் குழுக்களின், முதல் போட்டி 1932இல் நடந்த இடம் அது. கறுப்பினத்தாரும் யூதக் குடியேறிகளும் அக்கம்பக்கமாக வாழ்ந்த பகுதி. சதுக்கம் போகிறதே என்று ஹெரிவெல்டோ மார்டின்ஸும் கிராண்டே ஒத்தேலோவும் சேர்ந்து எழுதிய சம்பா அந்த ஆண்டுக் கார்னிவலில் தெருவெல்லாம் ஒலித்தது. வெல்ஸ் அந்தப் பாட்டை எடுத்துத் தன் படத்தின் நடு மையத்தில் வைத்தார். ஹெரிவெல்டோவைத் துணைக்கு வைத்துக்கொண்டார், ஒத்தேலோவை நடிக்க வைத்தார்.

கம்பெனிக்கு வந்த ரீல்களில் கறுப்பு முகங்களும் குடிசைகளும்தான் நிறைய. பிரேசில் அதிகாரிகளுக்கும் உவப்பில்லை, ஸ்டூடியோவுக்கும் உவப்பில்லை. இதற்கிடையில் அவருடைய அடுத்த படமான ‘ஆம்பர்சன்ஸ்’ அமெரிக்காவில் அவர் இல்லாமலே வெட்டப்பட்டது. அப்புறம் மே 19. ஃபோர்ட்டலேசாவிலிருந்து ரியோ வரை 61 நாள் கட்டுமரப் பயணம் செய்து, மீனவர்களுக்கு உரிமை கேட்டு அதிபர் வர்காஸைப் பார்த்த நான்கு மீனவர்களின் கதையையும் அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அந்த வருகையை மறுபடி நடித்துக் காட்டும்போது அலையில் படகு கவிழ்ந்து தலைவர் ஜக்கரே கடலில் போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை.

படம் நிறுத்தப்பட்டது. மிஞ்சிய காட்சிகளைச் சேர்த்து 1993இல் ஒரு ஆவணப்படம் வந்தது, வெல்ஸ் இறந்து எட்டு ஆண்டு கழித்து. அதில் கார்னிவல் பகுதி கொஞ்சம்தான். இருக்கிற கொஞ்சத்தில் ஒத்தேலோ ஆடுவதைப் பாருங்கள்.

கித்தார்_குமார்:

நான் தாளக்காரன் என்பதால் வேறு ஒரு குறை சொல்கிறேன். எல்லோரும் கார்னிவலின் படத்தைப் பேசுகிறீர்கள், சத்தத்தைப் பேசவில்லை. ஒரு பெரிய சம்பா பள்ளியின் தாளப் படையில் 250, 300 பேர் இருப்பார்கள். சுர்டோ என்ற பெரிய முரசு அடித்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் கேட்கும். மேலே தம்போரிம் என்ற சின்ன மேளம் படபடக்கும், குய்க்கா என்ற மேளம் அழும். இதைத் தொலைக்காட்சி ஒலிபரப்பில் வர்ணனையாளர் பேச்சு மூடிவிடுகிறது. சினிமாவில் பெரும்பாலும் ஸ்டூடியோவில் பதிந்த சுத்தமான ஒலியை மேலே ஒட்டிவிடுகிறார்கள்.

‘பரடின்யா’ என்று ஒன்று உண்டு. முன்னூறு பேரும் ஒரே நொடியில் அடிப்பதை நிறுத்துவார்கள். கூட்டம் மட்டும் பாடிக்கொண்டே போகும். சில நொடி கழித்து முரசு எல்லாம் ஒன்றாக வந்து விழும். மோசிடாடே பள்ளியின் மெஸ்ட்ரே ஆந்த்ரே இதற்குப் பேர் போனவர். ஒரு சினிமா இயக்குநருக்கு இதைவிட நல்ல வெட்டு யார் தரப் போகிறார்கள்? ஆனால் இதை அடிப்படையாக வைத்துப் படத்தொகுப்பு செய்த ஒரு கதைப்படத்தைக் கூட நான் பார்த்ததில்லை.

ஆவணப்படத்தில் லியோன் ஹிர்ஸ்மன் இந்த விஷயத்தில் தங்கம். ‘பார்டிடோ ஆல்டோ’ குறும்படத்தில் கொல்லைப்புறத்தில் சாப்பாடு, குடி, கைத்தட்டு, மாறி மாறி இட்டுக்கட்டிப் பாடுவது. மேடையே இல்லை. சம்பா என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் அதைத்தான் காட்டுவேன்.

பழைய ஞாயிறு:

குமார் தம்பி சொன்னதிலிருந்து ஒத்தேலோவின் இரண்டாவது படத்துக்கு வருகிறேன். ‘ரியோ, சோனா நோர்ட்டே’, 1957, நெல்சன் பெரேரா டோஸ் சாண்டோஸ். இதே இயக்குநர் அதற்கு முன் எடுத்த ‘ரியோ 40 டிகிரி’ படத்தை 1955இல் போலீஸ் தலைமை தடை செய்தது. வேர்க்கடலை விற்கும் ஐந்து சிறுவர்களைக் காட்டியது குற்றம். ரியோவில் வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டதே இல்லை, பெயரே பொய் என்று சொன்ன அதிகாரி சரித்திரத்தில் இடம்பிடித்துவிட்டார்.

‘சோனா நோர்ட்டே’யில் ஒத்தேலோ ஒரு சம்பா பாட்டுக்காரர். புறநகர் ரயிலிலிருந்து விழுந்து தண்டவாளத்தோரம் கிடக்கிறார், கதை பின்னோக்கி விரிகிறது. அவர் பாட்டை வேறு ஒருவன் தன் பெயரில் பதிவு செய்துகொள்கிறான். ரேடியோவில் வருகிறது, அவர் பெயர் இல்லை. ஒரு காட்சியில் பெரிய பாடகி ஆஞ்செலா மரியா அவராகவே வருவார். இவர் தன் பாட்டை அவருக்குப் பாடிக் காட்டுவார். அந்த முகம் மலர்வதைப் பார்த்தால் சிரிப்பு நடிகர் என்று சொல்லவே வாய் வராது. அந்தப் பாட்டுகளை எழுதியவர் ஸே கெட்டி, நிஜமாகவே குன்றுப் பக்கத்துப் பாட்டுக்காரர்.

வெண்திரை கேட்ட படம் இதுதான். கார்னிவலுக்கு ஒரு பாட்டு எப்படிப் பிறக்கிறது, யார் கைக்குப் போகிறது, யாருக்குப் பணம் வருகிறது என்பதைச் சொன்ன படம்.

மழைக்கால்:

இயக்குநர் கார்லோஸ் டியெகஸ் பெயர் இன்னும் வரவில்லையே. ஒரே மனிதர் கார்னிவலைப் பற்றி வாழ்நாள் முழுக்க மனசு மாறிக்கொண்டே இருந்தார். 2025 பிப்ரவரியில்தான் காலமானார்.

1962இல் மாணவர் அமைப்பு எடுத்த ‘ஐந்து முறை ஃபவேலா’ தொகுப்பில் இவருடையது ஒரு குறும்படம். வயது 22 இருக்கும். ஒரு இளைஞன் சம்பா பள்ளிக்குத் தலைவனாகிறான், மனைவி தொழிற்சங்கப் பக்கம். பள்ளிதான் தொழிலாளியின் கண்ணைக் கட்டுகிறது என்பது படத்தின் தீர்ப்பு. அந்த வயதில் எல்லோரும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்வோம். 1976இல் அதே ஆள் ‘ஷீக்கா டா சில்வா’ எடுக்கிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் வைரச் சுரங்க ஊரில் அடிமையாக இருந்து அதிகாரத்துக்கு வந்த பெண். 1963இல் சல்கேய்ரோ பள்ளி இவர் கதையை வைத்து அணிவகுத்துப் பட்டம் வென்றிருந்தது. படமே ஓர் அணிவகுப்பு போல நடக்கும், வீறாப்பு, வண்ணம், கூத்து. கூட்டம் அலைமோதியது. கறுப்பின வரலாற்றாசிரியர் பெயாட்ரிஸ் நாஸிமெண்டோ மட்டும் சும்மா விடவில்லை. அடிமைக் குடிசையை எஜமானன் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த படம் என்ற பொருளில் எழுதினார். அவர் சொன்னது இன்னும் நிற்கிறது என்றே நினைக்கிறேன்.

அப்புறம் 1979இல் எடுத்த ‘பை பை பிரேசில்’. கார்னிவல் இல்லை, ஊர் ஊராகப் போகிற கூத்து லாரி. வித்தைக்காரர், ஆட்டக்காரி, பேசாத பயில்வான். வறண்ட உள்நாட்டில் தேங்காய்த் துருவலைத் தூவிப் பனி பெய்ய வைப்பார் வித்தைக்காரர். ஜனம் வாய் பிளந்து நிற்கும். ஆனால் அடுத்தடுத்த ஊரில் கூரை மேல் டிவி ஆன்டெனா. ஆன்டெனா இருக்கிற ஊரில் லாரியை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே அமேசான் காட்டுச் சாலை வரை போய்விடுவார்கள். வெகுஜனப் பொழுதுபோக்கு ஒன்று செத்து இன்னொன்று பிறக்கிற கதையை இவ்வளவு சிரிப்போடு சொன்ன படம் குறைவு.

1999இல் மறுபடி ஆர்ஃபியஸ் கதைக்கே வந்தார். கமூ படத்துக்குப் பதில் சொல்லும் வேகம் தெரியும். இவருடைய ஆர்ஃபியஸ் மடிக்கணினியில் சம்பா எழுதுகிறான், குன்றில் போதை மருந்துக் கும்பலும் துப்பாக்கியும். அணிவகுப்பு மட்டும் நிஜம். 1998இல் விரடோரோ பள்ளி அதே ஆர்ஃபியஸ் கதையை எடுத்துக்கொண்டு இறங்கியது, படக்குழு அங்கே எடுத்தது.

ரீல்பெட்டி:

அந்த 1998 அணிவகுப்பை வடிவமைத்தவர் யார் என்று சொல்லாமல் போகிறீர்களே! ஜோவாசினோ ட்ரிண்டா. இந்த இழையில் இவ்வளவு நேரம் ‘வறுமையைக் காட்டினால் நல்ல படம், இறகைக் காட்டினால் மோசமான படம்’ என்றே பேச்சு ஓடுகிறது. ட்ரிண்டா பெயரில் ஒரு வாசகம் உண்டு: வறுமையை ரசிப்பவர் அறிவுஜீவி, ஏழைக்குப் பிடித்தது ஆடம்பரம்.

வெறும் வாய்ச்சொல் இல்லை. 1989இல் பேய்ஜா-ஃப்ளோர் பள்ளிக்காக அவர் எடுத்தது பிச்சைக்காரர்கள், எலிகள், பிணந்தின்னிக் கழுகுகள், குப்பை. ஆடம்பரத்தின் ராஜா என்று பேர் வாங்கியவர் கந்தலைக் கொண்டுவருகிறார். பிச்சைக்காரராகக் கந்தையில் ஒரு பிரம்மாண்டமான கிறிஸ்து உருவம். திருச்சபை நீதிமன்றம் போய்த் தடை வாங்கியது. ட்ரிண்டா உருவத்தை அப்படியே கறுப்புப் பிளாஸ்டிக்கால் போர்த்தி, தடை செய்தாலும் எங்களைப் பார்த்துக்கொள்ளும் என்று ஒரு பதாகையை மாட்டி இழுத்து வந்துவிட்டார். பட்டம் சம புள்ளியில் கைநழுவி இம்பெராட்ரிஸ் பள்ளிக்குப் போனது. யார் ஜெயித்தார்கள் என்று இன்றைக்கு ரசிகர்களைத் தவிர யாருக்கும் நினைவில்லை, அந்தக் கறுப்புப் பிளாஸ்டிக் கிறிஸ்து எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எந்த சினிமா இயக்குநர் அப்படி ஒரு ஷாட் வைத்திருக்கிறார்?

கார்னிவல் கலைஞர்களே பெரிய காட்சிக்காரர்கள். பார்வையாளர் மாடத்திலிருந்து பார்க்கத்தான் அவர்கள் செய்கிறார்கள். அங்கே கேமரா நின்றால் அது எப்படித் துரோகமாகும்?

வெண்திரை:

இது நல்ல அடி. யோசிக்க வைக்கிறது. ஆனால் பாருங்கள், அவரைப் பற்றி 2014இல் வந்த ‘ட்ரிண்டா’ படம் எதைக் காட்டுகிறது? மாத்தேயஸ் நாஷ்டெர்கேலே நடித்தது. முனிசிபல் தியேட்டரில் பாலே ஆடியவர் எப்படி 1974 சல்கேய்ரோ அணிவகுப்பை எடுத்துச் செய்தார் என்ற கதை. முக்கால்வாசிப் படம் பட்டறைக்குள் ஓடுகிறது. பசை, மரம், துணி, சம்பளப் பாக்கி, தச்சர்களோடு சண்டை. ஆடம்பரத்தைப் புரிய வைக்கவும் பட்டறைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

ரீல்பெட்டி:

பட்டறையைக் காட்டிவிட்டுக் கடைசியில் அணிவகுப்பைக் காட்டாமல் விட்டால் ஒத்துக்கொள்வீர்களா?

வெண்திரை:

மாட்டேன்.

ரீல்பெட்டி:

அதுதான்.

தறிச்சத்தம்:

நான் திருப்பூர்ப் பக்கம், பின்னலாடைத் தொழில். அதனால் ஒரு ஆவணப்படம் எனக்குள் அப்படியே தங்கிவிட்டது. 2019, மார்செலோ கோமேஸ் எடுத்தது. பாடகர் சிக்கோ புவார்க்கியின் பாட்டு வரி ஒன்றுதான் தலைப்பு: கார்னிவல் வரும்போது என்று என்னைச் சேமித்து வைக்கிறேன் என்று பொருள். ஊர் டோரிடாமா, பெர்னாம்புகோ மாநிலம். வீட்டுக்கு வீடு ஜீன்ஸ் தைக்கிறார்கள். ஆண்டுக்கு 2 கோடி ஜீன்ஸுக்கு மேல் அந்தச் சின்ன ஊரிலிருந்து போகிறது. பீஸ் கணக்குக் கூலி. முதலாளி என்று தனியாக ஆள் இல்லை, நானே முதலாளி என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே ராத்திரி வரை தைக்கிறார்கள். இதை எங்கள் ஊரிலும் நன்றாகக் கேட்டிருக்கிறேன்.

கார்னிவல் வரும்போது மட்டும் ஊர் காலியாகிவிடும். கடற்கரைக்குப் போகக் காசு இல்லாதவர்கள் ஃபிரிட்ஜை விற்கிறார்கள், டிவியை விற்கிறார்கள். திரும்பி வந்து மறுபடி தைத்து மறுபடி வாங்கிக்கொள்வார்கள். லேயோ என்று ஒருவருக்கு அதற்கும் வழியில்லை. இயக்குநர் ஓர் ஒப்பந்தம் போடுகிறார்: பயணச் செலவு நான் தருகிறேன், நீ அங்கே கேமராவில் எடுத்துக்கொண்டு வா. கடைசியில் நாம் பார்க்கிற கார்னிவல் லேயோ எடுத்தது. கடற்கரை, குடி, நண்பர்கள், குலுங்குகிற படம். ஒரு இறகு கிடையாது.

கேமரா எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டீர்கள். கேமராவையே கொடுத்துவிட்டார் அந்த இயக்குநர்.

சேன்நதி (பாரிஸ்):

இதே பெர்னாம்புகோவிலிருந்து ‘தி சீக்ரெட் ஏஜென்ட்’, 2025. கான் விழாவில் க்ளெபர் மெண்டோன்ஸாவுக்குச் சிறந்த இயக்குநர், வாக்னர் மோராவுக்குச் சிறந்த நடிகர். 1977, ராணுவ ஆட்சி, ரெசிஃபே நகரம், கார்னிவல் வாரம். தொடக்கக் காட்சியில் மோரா மஞ்சள் ஃபோக்ஸ்வேகனில் பெட்ரோல் பங்க் ஒன்றுக்கு வருகிறார். மண்தரையில் அட்டையால் மூடிய ஒரு பிணம். சுட்டு நாளாகிவிட்டது, கார்னிவல் என்பதால் எடுக்க ஆள் வரவில்லை என்கிறார் பங்க் ஊழியர். பிறகு போலீஸ் வருகிறது. பிணத்தைத் திரும்பியும் பார்க்காமல் மோராவின் காரைச் சோதித்துவிட்டு, கார்னிவல் நன்கொடை கேட்கிறது.

இந்தப் படத்தில் கார்னிவல் யாருக்கும் காட்சிப்பொருள் இல்லை. அது ஒரு வாரக் காலம். அலுவலகம் நடக்காது, தெருவில் ஃப்ரெவோ இசை, பேப்பரில் கார்னிவல் சாவுக் கணக்கு. ஒளிந்து வாழ்கிறவனுக்கும் அது வசதி, தேடி வருகிற கொலையாளுக்கும் வசதி. வெண்திரை முதலில் திட்டிய மூன்ரேக்கர் செய்ததும் ஏறக்குறைய இதுதானே என்று கேட்கலாம். வித்தியாசம், இங்கே தெருவில் ஆடுகிறவர்கள் நமக்குத் தெரிந்தவர்கள்.

ரெசிஃபே என்றதும் காலோ டா மட்ருகாடா என்ற மாபெரும் ஊர்வலத்தைத் தேடாதீர்கள். அது 1978இல்தான் தொடங்கியது.

புதுவரவு:

எல்லாம் படித்தேன், தலை சுற்றுகிறது. எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றத்தில் ஒரு மாலைக்கு இரண்டு படம் போடலாம். எதைப் போடுவது? பார்ப்பவர்களுக்குப் பிரேசில் என்றால் கால்பந்து மட்டும்தான் தெரியும்.

பழைய ஞாயிறு:

‘பிளாக் ஆர்ஃபியஸ்’, அப்புறம் ‘ரியோ, சோனா நோர்ட்டே’. இரண்டு ஆண்டு இடைவெளியில் ஒரே நகரத்தில் எடுத்தவை. ஒன்று வண்ணம், ஒன்று கறுப்பு வெள்ளை. ஒன்றில் கித்தார் வாசித்தால் சூரியன் உதிக்கும், இன்னொன்றில் பாட்டு எழுதினால் திருடு போகும். இரண்டாவதன் நல்ல பிரதி கிடைப்பது கஷ்டம், சப்டைட்டிலோடு தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் தறிச்சத்தம் சொன்ன ஜீன்ஸ் படம்.

ரீல்பெட்டி:

ஆர்ஃபியஸ் முதலில் ஓடட்டும். ஓடுவதற்கு முன் யாரும் எழுந்து விமர்சனம் பேசக்கூடாது. முதல்முறை பார்க்கிறவர்கள் அந்தப் பாட்டை நிம்மதியாகக் கேட்கட்டும்.

மழைக்கால்:

சரி, முன்னால் பேசவில்லை. இடைவேளையில் பேசலாமா?

புதுவரவு:

தாராளமாக வாங்க அண்ணே, மைக் தருகிறோம். பத்து நிமிடம்தான், அதற்குமேல் போனால் கேண்டீன் மூடிவிடுவார்கள்.